மலைமேல் வந்த கேஸ் வாசனை

போன வருடம் பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் மகளும் ஆந்திராவுக்குக் கிளம்பினோம். ஊட்டி, மைசூர் என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆந்திரா என்றதும் தெருவில் எல்லோரும் திருப்பதிக்கா என்றார்கள். இல்லை, மதனப்பள்ளி பக்கத்தில் ஹார்ஸ்லி மலை என்று சொன்னால், அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. மகளோடு மொபைல் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்தப் பக்கம்தான் ஊர். அவள் சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பயணம்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டிலிருந்தபடியே புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறேன். அதற்கு அடுத்து எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை பயப்படுவது. பஸ் கவிழுமோ, பூட்டு சரியாக விழுந்ததோ, மகள் இன்னும் ஏன் வரவில்லையோ. எங்கே போனாலும் பாதி வழியில் எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் செய்து, கேஸை மூடினேனா என்று கொஞ்சம் பாருங்கள் என்பேன். எங்கள் சாவி ஒன்று அவரிடம் இருக்கும். அவரும் அலுத்துக்கொண்டே போய்ப் பார்ப்பார். ஒரு தடவைகூட அது திறந்திருந்ததில்லை. அதனால் இந்த முறை மகள் ஒரு நிபந்தனை போட்டாள். இரண்டு நாளைக்கு என் போன் அவள் பையில்தான் இருக்கும்.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் டீ டம்ளர்களைக் கழுவத் தொட்டியின் பக்கத்தில் குனிந்தேன். லேசாக கேஸ் வாசனை அடித்தது. அடுப்பைப் பார்த்தேன், மூடியிருந்தது. ரெகுலேட்டரும் மூடியிருந்தது. நிமிர்ந்தால் வாசனை இல்லை, குனிந்தால் இருக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் நின்றபடியே மூக்கை உறிஞ்சினார்.

"கேஸு உன் மூக்குலயே குடி வந்துடுச்சு. மாசாமாசம் வாடகை வாங்கிக்கோ."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நானும் சிரித்துவிட்டுப் போனை அவளிடம் கொடுத்தேன்.

உண்மையைச் சொன்னால் அவ்வளவு சந்தோஷமான பயணம் எனக்கு வாய்த்ததே இல்லை. சிந்தாமணி தாண்டியதும் கூட்டம் குறைந்து ரோடு அகலமாகிவிட்டது. மதனப்பள்ளியில் தக்காளிப் பெட்டிகளை வீட்டு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். சின்ன ஓட்டல் ஒன்றில் பெசரட்டு என்கிற பச்சைப்பயறு தோசையும் வேர்க்கடலைச் சட்னியும் சாப்பிட்டோம். காரம் தாங்காமல் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர், ஆனாலும் இன்னொன்று கேட்டு வாங்கினார். மலை பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன் என்று இருவரும் காத்திருந்தார்கள். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். மேலே பெரிய பாறையில் காற்று ஆளையே தள்ளுகிறது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு பாறையில் ஏறினார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை. காலையிலிருந்து எதற்குமே பயப்படவில்லையே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாப்பாட்டுக்கு அப்புறம் டீக்கடை ஓரமாக ஒரு தாழ்ந்த கல்லில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். காற்றில் கடைக்கார அம்மாவின் அடுப்பு அணைந்துவிட்டது. அவர் மறுபடி பற்றவைப்பதற்குள் ஒரு நொடி கேஸ் வாசனை வந்து போனது.

காலையில் வந்ததும் இதே வாசனை. அது என் நினைப்பு இல்லை, நிஜமாகவே வந்தது.

மகளிடம் போனைக் கேட்டேன்.

"ம்மா, காலைல என்ன பேசினோம்? இவ்ளோ நேரம் நல்லாத்தானே இருந்தே?"

கெஞ்சினேன். அவள் பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரரும் அவள் பக்கம்தான். நான் எழுந்து டீக்கடை அம்மாவிடமே போய் அவர் போனைக் கேட்டேன். எனக்குத் தெலுங்கு வராது. ஆனால் அவர் சித்தூர்ப் பக்கத்துக்காரராம், தமிழிலேயே பதில் சொன்னார். என் முகத்தைப் பார்த்தார், ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை.

"இந்தாம்மா, பேசு. மெதுவா பேசிட்டு குடு."

எழுதப் படிக்கத் தடுமாறுவேனே தவிர, வேண்டியவர்கள் நம்பரெல்லாம் எனக்கு மனப்பாடம். எதிர்வீட்டு அக்கா முதலில் சிரித்தார். ஆந்திராவுக்குப் போயும் என்னை விடமாட்டியா, ஊரான் போனை வாங்கியா பேசுற என்று கேட்டார். அப்புறம், பார்த்துவிட்டு இதே நம்பருக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

டீ ஆறிப்போனது. அக்கா கூப்பிடவே இல்லை. எங்கள் வீட்டைத் திறந்து பார்க்க இவ்வளவு நேரம் ஆகாது. வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்று, என்ன, வாடகை வந்துடுச்சா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கடைக்கார அம்மா எடுத்து என்னிடம் நீட்டினார்.

அக்கா இப்போது சிரிக்கவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது.

"உன் வீட்ல ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்ல."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருப்பவை. பக்கத்து வீட்டில் ராய்ச்சூர் பக்கத்திலிருந்து வந்த கன்னடப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கல்யாணமாகி ஒரு வருடம், முழுகாமல் இருந்தாள். ராத்திரி டூட்டிக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அன்று அவள் புருஷன் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை அவள் டூட்டிக்குப் போகும்போது ரெகுலேட்டரை மூட மறந்திருக்கிறாள். அன்று ராத்திரி எலி டியூபைக் கடித்திருக்கிறது. இரண்டு வீட்டுத் தொட்டிக்கும் ஒரே சாக்கடைக் குழாய். கேஸ் மேலே போகாதாம், தரையோடு ஊர்ந்து போகுமாம். அப்படித்தான் அந்த வாசனை எங்கள் பக்கம் வந்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குப் பயங்கர ஜலதோஷம். காலையில் வந்தவளுக்கு வாசனையே தெரியவில்லை. குளிருக்கு ஜன்னலைச் சாத்தி, மாத்திரை போட்டுக்கொண்டு தரையில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். அக்கா எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவள் கதவுக்கு அடியிலிருந்து வாசனை அடித்திருக்கிறது. பெல்லை அமுக்கப் போனவரை, பொறி பறந்து தீப்பிடித்துவிடும் என்று அவர் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். தட்டியும் திறக்காததால் கதவை உடைத்தார்கள். தூக்கிக்கொண்டு வந்தபோது அவளால் கண் திறக்க முடியவில்லை. ஆனால் மூச்சு இருந்தது.

"அவ எழுந்து சமைக்கிற நேரம்டி. அடுப்பு மேலயே தீப்பெட்டி வச்சிருக்கா" என்றார் அக்கா.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மகள் பையிலிருந்து என் போனை எடுத்து என் மடியில் வைத்தாள். கடைக்கார அம்மா வேறு டீ போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் அக்கா மறுபடி கூப்பிட்டார். வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகையே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டோம். அந்தப் பெண் அக்கா வீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ரசம் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், நான் உட்கார வைத்தேன். கிளம்பும்போதே எனக்கு வாசனை வந்ததும்மா, உன் கதவைத் தட்டாமல் போய்விட்டேன் என்றேன்.

"பர்வாகில்ல அக்கா. நா அப்ப டூட்டில இருந்தேன். தட்டியிருந்தாலும் பூட்டுதான் இருந்திருக்கும்."

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் பூட்டைப் பார்த்திருந்தால் நான் அக்காவை எழுப்பியிருப்பேன், அவர் அவளை வாசலிலேயே நிறுத்தியிருப்பார், அவள் உள்ளேயே போயிருக்க மாட்டாள்.

தெருவில் எல்லோரும் என் பயத்தைப் பாராட்டினார்கள். வீட்டுக்காரர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என் மூக்கின் பெருமையைச் சொன்னார். அவர்கள் பாராட்டியது மலைமேல் பயந்த என்னை. கேலிக்குக் கூச்சப்பட்டு, சிரித்துவிட்டுப் போனவளும் நான்தான். என் அடுப்பு மூடியிருந்தால் போதும் என்று நினைத்தவளும் நான்தான்.

இப்போதெல்லாம் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் யார் வீடாக இருந்தாலும் போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை, திறப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், உள்ளே இருப்பவர்கள் சிரிக்கும்படி நல்லபடியாக இருக்கிறார்களே என்று எனக்கு நிம்மதியாக இருக்கிறது.