முகத்துவாரம் வெட்டச் சொன்ன பொய்

முகத்துவாரம் வெட்டச் சம்மதக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அத்தான் பேனாவைத் திறக்காமலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அரசாங்க அதிபரின் கச்சேரி மண்டபத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் படுவான்கரை விவசாயிகள் நாங்கள். அந்தப் பக்கம் வாவியில் தொழில் செய்கிற மீனவர்கள். அவர்களுடைய சங்கத் தலைவர்தான் என் அக்காவின் கணவர். "மச்சான், வயல் வட்டைக்குள்ள எவளவு தண்ணி நிக்கிது?" என்று கேட்டார். "இடுப்பளவு அத்தான்" என்றேன். வேறொன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

உண்மையில் என் வயலில் தண்ணீர் முழங்காலுக்கும் கீழேதான். வயலுக்குள் இறங்கி நின்று அளந்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

மட்டக்களப்பு வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தைக் கோடையில் கடலே மணலால் அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறினால் மனிதர்தான் வெட்டித் திறக்க வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில்தான் சண்டை. பிந்தினால் கதிர் வரப்போகிற பயிர் தண்ணீருக்குள் கிடந்து அழுகும். முந்தினால் வளராத இறால் கடலோடு போய்விடும். இரண்டு பக்கமும் ஓம் என்றால்தான் அந்த நாட்களில் மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் மணலில் இறங்கும். இப்போது தண்ணீர் மட்டத்தைத் தூணில் கீறிய கோடு காட்டுகிறது. என்றாலும் அந்தக் கோட்டைக் கூட்டத்தில் யார் நம்புகிறார்கள்!

நான் ஏன் பொய் சொன்னேன் என்றால், முந்தின வருஷம் மீனவர்கள் ஒரு கிழமை தவணை கேட்டார்கள், கொடுத்தோம். அந்த ஏழு நாளில் என் பயிர் முழுவதும் போயிற்று. பிடுங்கிப் பார்த்தால் கையில் கூழாக வந்தது. வரப்பில் குந்தியிருந்து அழுதேன். இந்த முறை விடக்கூடாது என்ற வைராக்கியம் எனக்கு.

அடுத்த நாள் காலையிலேயே வெட்டினார்கள். அதோடு மழையும் நின்று வானம் வெளித்துவிட்டது. வாவி வடிந்து கரையில் சேறு தெரிந்தது. எனக்கு நல்ல விளைச்சல். அத்தானின் வலையில் இறால் இல்லை. "மச்சானுக்காக எங்கட வயித்துல அடிச்சுப்போட்டார்" என்று சொல்லிச் சங்கத்தார் அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். அத்தான் என்மேல் பழியைப் போட்டுத் தப்பியிருக்கலாம். அவர் வாயே திறக்கவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டைப் புது அரிசியோடு நாவற்குடாவில் அக்கா வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டில் உண்மையைச் சொன்னேன். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தெரியும் மச்சான். மூணு நாள் மழைக்கு இடுப்பளவு தண்ணி எங்கயிருந்து வாற?"

"பிறகு ஏன் கையெழுத்து வெச்சீங்க?"

"முந்தின வருஷம் றால் சின்னன் எண்டு தவணை கேட்டனான்தானே. சின்னனில்ல. பெருத்துத்தான் கிடந்திச்சி. இன்னும் கொஞ்ச நாள் பிடிப்பம் எண்டு ஆசைப்பட்டன்."

மன்னிப்புக் கேட்கப் போனதே மறந்துவிட்டது. கூழாய்ப் போன பயிர்தான் கண்ணுக்குள் நின்றது. "நீங்களும் ஒரு மனிசனா அத்தான்?" என்று கத்திவிட்டேன்.

"அப்ப நீ ஆரு?" என்று அவரும் கத்தினார்.

அகப்பையோடு அக்கா குசினியிலிருந்து வந்தாள். "ரெண்டு பேரும் வாயப் பொத்துங்க! ஒரு வருஷம் தம்பிட வயல் அழுகி அரிசி வரல்ல. அடுத்த வருஷம் இவர்ர வலையில ஒண்டுமில்ல. ரெண்டு வருஷமும் இந்த அடுப்புக்கு முன்னால நிண்டு என்னத்தக் காய்ச்சுறதெண்டு முழிச்சது நான். பெரிய கூட்டம், பெரிய கையெழுத்து!"

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அப்போதுதான் என் தட்டைச் சரியாகப் பார்த்தேன். வாவியில் தொழில் செய்கிறவர் வீட்டில், சோற்றுக்குப் பக்கத்தில் முருங்கையிலைச் சுண்டல் மட்டும் இருந்தது.