பத்தடியில் தண்ணீர்

நனைந்த பாடப்புத்தகத்தைக் கொடியில் காயப்போட்டால் மூன்றாம் நாள் அதிலிருந்து ஒரு புளித்த வாடை கிளம்பும். ஏழாம் வகுப்பு முழுக்க அந்த வாடையோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

உக்கடம் பக்கம், குளத்தை ஒட்டியிருந்த அந்தச் "சைட்டை" அப்பா வாங்கக் காரணம் அங்கிருந்த கிணறு. அன்னூரில் எங்கள் காட்டில் எத்தனை "போர்" போட்டும் புழுதிதான் பறந்தது. அப்படிப்பட்டவர், பத்தடியில் தண்ணீர் தெரிந்ததும் வேறெதையும் விசாரிக்காமல் வாங்கி வீடும் கட்டிவிட்டார். அவர் பார்த்தது கோடையில். மழைக்காலத்தில் குளத்துத் தண்ணீர் வந்து படுக்கிற இடம் அது என்று யாரும் சொல்லவில்லை; வறண்ட ஊர்க்காரருக்குக் கேட்கவும் தோன்றவில்லை, பாவம்.

குடிவந்த முதல் ஐப்பசியிலேயே சாக்கடையும் மழையும் கலந்து கட்டில் உயரத்துக்கு நின்றது. அடுத்த வருடமும் அப்படியே. மூன்றாம் வருடம் தம்பி காய்ச்சலில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "இந்த ஊட்ட வித்துப்போட்டு எங்கியாச்சும் வாடகைக்குப் போயிரலாமுங்க" என்று அம்மா அழுதாள். சுவர் காய்ந்ததும் பெயின்ட் அடித்து, வைகாசிக்குள் விற்றுவிட வேண்டும் என்றார் புரோக்கர். "மழையப் பத்தி ஆரும் வாயத் தொறக்காதீங்க."

பங்குனியில் அவிநாசியிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா அம்மணி, கையிலயே மோந்துக்கலாமாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அட்வான்ஸ் எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டார். அம்மா சாமிபடத்தின் முன்னால் போய் நின்றுகொண்டாள். அப்பா அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேண்டாமுங்க. ஐப்பசி வந்தா ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துருமுங்க" என்றார். அவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப்போனார்கள். அம்மா அப்பாவிடம் ஆறு மாதம் பேசவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம்தான். இன்றும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அப்பா அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார். தம்பி வெளியூரில் தங்கிவிட்டான். தண்ணீர் நின்று வடிந்த முள்ளுக்காடு, அதற்கப்பால் இருந்த சோளக்காடு, ஓடை, எதுவும் இன்று அங்கே இல்லை, எல்லாம் அடுக்குமாடி. ரோடு போடப் போட உயர்ந்து, எங்கள் வாசல் மூன்று படி கீழே போய்விட்டது. சென்ட் விலை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அம்மாவால் இப்போது நடக்க முடியாது. போன மழையில் அவளை முதுகில் சுமந்து வெளியே கொண்டுவந்தபோது, இன்னொரு முறை என்னால் ஆகாது என்று தெரிந்துபோயிற்று.

இந்த வைகாசியில் ஓர் இளம் ஜோடி வீடு பார்க்க வந்தது. அந்தப் பெண் வயிற்றில் கைவைத்தபடி அறை அறையாக நடந்து, தொட்டில் எங்கே கட்டலாம் என்று கணவனிடம் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மழைக்கு ஒண்ணும் தொந்தரவில்லீங்களே அக்கா?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

கிரயம் முடிந்து, நானும் அம்மாவும் மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருக்கிறது. தனக்கு ஐப்பசியில்தான் பிரசவம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.