பஸ்மியா டீச்சர் அனுப்பிய வீடியோ

கிண்ணியாவில் பதினொரு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கும் பஸ்மியாவின் கைபேசிக்கு ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ ஒன்று வந்தது. யாரோ சோற்றை உருட்டித் தரையில் எறிய, அது பந்து மாதிரித் துள்ளியது. ‘பிளாஸ்டிக் அரிசி, கவனம்’ என்று கீழே எழுதியிருந்தது. குசினியில் சமையல் வேலையாக இருந்தவர், முழுதாகப் பார்க்காமலே அதைப் பெற்றோர் வட்ஸ்அப் குழுவுக்குத் தட்டிவிட்டார்.

திங்கட்கிழமை ஒன்பதாம் தர வகுப்பில் ஆதிலா குனிந்த தலை நிமிரவில்லை. அவளுடைய வாப்பா அபூதாஹிர் சந்தியில் அரிசிக்கடை வைத்திருப்பவர்.

“கடைக்கு ஒருத்தரும் வாறாங்க இல்ல டீச்சர். வீடியோவில போல எங்கட கடை அரிசிச் சோறும் துள்ளுதாம், வாப்பா பிளாஸ்டிக் அரிசி விக்கிறாராம்.”

வீடியோவை அனுப்பியது யார் என்று அவள் சொல்லவில்லை. பஸ்மியாவுக்கு முகம் சுட்டது. அன்றைய பாடத்தை மூடிவைத்தார்.

“அதை அனுப்பினது நான்தான். சரியா பிழையா எண்டு பார்க்காம அனுப்பிட்டன்.”

ஒரு டீச்சர் அப்படிச் சொல்லி அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை.

வீடியோவைத் திரையில் போட்டார். “இதில என்னத்தைக் காட்டல்ல?”

பின்வரிசையிலிருந்து அகீல் சொன்னான்: “மற்ற அரிசிச் சோறு துள்ளாது எண்டதைக் காட்டல்ல டீச்சர்.”

மறுநாள், டீச்சர் சொன்னபடி, பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி சோறு கொண்டுவந்தார்கள். அபூதாஹிரின் கடை அரிசி, வேறு கடை அரிசி, ஒரு பிள்ளையின் வீட்டார் தம்பலகாமத்தில் சொந்த வயலில் விளைவித்தது. ஒரே நிறையில் உருட்டி, ஒரே உயரத்திலிருந்து விட்டார்கள். பஸ்மியாவின் கைபேசி மெதுவோட்டத்தில் படம்பிடித்தது. எல்லாமே துள்ளின. வயல்காரர் வீட்டுச் சோறுதான் ஆக உயரத் துள்ளியது.

வகுப்பு சிரித்தது. “அப்ப ஆதிலாட வாப்பாட அரிசி நல்ல அரிசி,” என்றான் அகீல்.

“இல்ல,” என்றாள் ஆதிலா. “அப்படிச் சொல்ல ஏலாது. துள்ளுறதை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது எண்டுதான் ஆகுது.”

பஸ்மியா அதை அப்படியே கரும்பலகையில் எழுதினார். தகப்பனுக்காகக்கூட அவள் ஒரு சொல் கூட்டவில்லை.

பிள்ளைகள் எடுத்த வீடியோவின் முடிவில் ஆதிலாவின் குரலே ஒலித்தது: “எங்களையும் சும்மா நம்ப வேணாம். உங்கட வீட்டில செய்து பாருங்க.” பஸ்மியா தன் பிழையையும் எழுதி, அதே குழுவுக்கு அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து அபூதாஹிர் தொலைபேசியில் அழைத்தார்.

“ஆக்கள் வாறாங்க டீச்சர். ஆனா அரிசியோட ஒரு பிடி சோறும் கேக்கிறாங்க, எறிஞ்சு பார்க்க.”

“குடுங்க அபூதாஹிர் நானா,” என்றார் பஸ்மியா. “எத்தனை தரம் கேட்டாலும் குடுங்க.”