வெள்ளாற்று மணலில் ஒரு சேஸிஸ்

புவனகிரிப் பக்கம் வெள்ளாற்றில் மணல் அள்ளியவர்கள் ஒரு காரின் சேஸிஸைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தபோது, என் மாமியார் முதலில் சொன்னது, "அது எம்புள்ள வண்டியா இருக்காது" என்பதுதான். எனக்கோ அது அவருடையதாக இருந்துவிட வேண்டும் என்று இருந்தது. இப்படி நினைக்கிற பெண்டாட்டியை என்ன சொல்வீர்களோ சொல்லிக்கொள்ளுங்கள்.

என் கணவர் கடலூரில் பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஐப்பசி மழையில், சிதம்பரத்துக்குச் சவாரி போனார். அங்கே ஆளை இறக்கிவிட்டதைப் பார்த்தவர்கள் உண்டு. திரும்பி வந்ததைப் பார்த்தவர் இல்லை. கொஞ்ச நாளில் ஊர் கதை கட்டிவிட்டது. வண்டியை விற்றுவிட்டு எவளோடோ குடித்தனம் நடத்துகிறாராம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளையில் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணியவனும் உண்டு. மாமியார் அந்தக் கதையை இறுகப் பிடித்துக்கொண்டார். எவளோடு இருந்தால் என்ன, பிள்ளை உயிரோடு இருக்கிறானே. எனக்கு வயிறு எரிந்தது. கடைத்தெருவில் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

மூன்று மழைக்காலம் போய்விட்டிருந்தது. ஆற்றங்கரையில் கிடந்ததை வண்டி என்று சொல்ல மனசு வரவில்லை. மரச்சட்டம் போட்ட பாடி மொத்தமும் போய், துருப்பிடித்த இரும்பு மட்டும் மிச்சம். நம்பர் வெட்டியிருந்த இடம் அரித்துப்போயிருந்தது. போலீஸ்காரர் கூட்டிவந்த மெக்கானிக் பாய் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகச் சுரண்டிப் பார்த்தார்.

"முன் ஆக்ஸில் இங்கிலீஷ் வண்டியோடது. பின்னாடி அமெரிக்கா. ஸ்பிரிங்கு ஏதோ லாரிலேர்ந்து கழட்டுனது. மூணு வண்டிய சேத்து ஒண்ணாக்கிருக்காங்க. இத யாரோடதுன்னு சொல்றது?"

வெளிநாட்டு ஸ்பேர் கிடைக்காத காலம் அது. எங்கள் பக்கம் ஓடிய பழைய கார்கள் எல்லாமே கிடைத்ததைப் போட்டு ஓட்டியவைதான்.

"நான் சொல்லல?" என்றார் மாமியார். அத்தனை நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "வாடி போவலாம். திருவந்திபுரத்துல எம்புள்ள பேருக்கு அர்ச்சனை பண்ணணும்."

நான் நகரவில்லை. "பாய், பின்னாடி பாடிய முடுக்குற போல்ட்டுல என்ன பேக்கிங் இருக்குன்னு பாருங்க."

"டயர் ரப்பரா இருக்கும் தங்கச்சி. எல்லாரும் அதான் போடுவாங்க."

"பாருங்க பாய்."

உளியால் தட்டிக் கழற்றினார். சேற்றைத் துடைத்தார். மேலே வெள்ளை, கீழே நீலம்.

அது என் புது ரப்பர் செருப்பு. அந்தச் சவாரிக்கு முந்தின நாள் பாடி ஆடுகிறது என்று, டயர் துண்டு கிடைக்காமல், என் செருப்பின் குதிகாலில் ஒரு வட்டம் வெட்டிக்கொண்டார். நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. "கத்தாதடி, சிதம்பரத்துல புதுசு வாங்கியாறேன்" என்றார். வாங்கி வரும்வரை அவர் கண்ணில் படட்டும் என்று அந்த ஓட்டைச் செருப்பை நிலைக்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். செருப்பை நிலையில் மாட்டினால் மகாலட்சுமி உள்ளே வருவாளா என்று மாமியார் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. கணவர் வராமல் போன பிறகு வீம்புக்கே கழற்றாமல் விட்டேன்.

பாய் அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

பஸ்ஸில் வழிநெடுக மாமியார் சொல்லிக்கொண்டே வந்தார். "ரப்பர் செருப்பு ஊருல ஒனக்கு மட்டுமா இருக்கு?"

வீட்டுக்கு வந்து ஆணியிலிருந்து அந்த ஓட்டைச் செருப்பைக் கழற்றித் துண்டை ஓட்டையில் வைத்தேன். அவர் வெட்டினால் வட்டம் என்றைக்கு வட்டமாக இருந்தது? ஒரு பக்கம் கோணலாக வெட்டியிருந்தார். அந்தக் கோணலோடு அப்படியே உட்கார்ந்துகொண்டது.

அவர் எங்கேயும் ஓடிப்போகவில்லை. சிதம்பரத்திலிருந்து ஆற்று வெள்ளத்தைத் தாண்டி வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தார். ஊருக்குச் சொல்ல எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஐயோ, அவர் எவளோடாவது எங்கேயாவது இருந்திருக்கக் கூடாதா என்று அப்போதுதான் அழுதேன்.

மாமியார் அழவில்லை. என் கையிலிருந்து செருப்பை வாங்கினார். துண்டு விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் ஏந்தி, கண்களில் ஒற்றிக்கொண்டார்.