அம்மா பெயர் போட்ட தட்டு

ஓனரம்மாவுக்கு எங்கள் காம்பவுண்டில் யாரைக் கண்டாலும் ஆகாது. மோட்டாரைக் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டால் ஆகாது, கொடியின் நடுவில் பாவாடையைக் காயப்போட்டால் ஆகாது, பிள்ளைகள் சுவரில் பந்தடித்தால் ஆகவே ஆகாது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அப்போது அப்படிப்பட்ட காம்பவுண்டுகள் நிறைய. நடுவில் ஒரு பொதுக்குழாய், இரண்டு பக்கமும் ஓர் அறையும் சமையல்கட்டுமாக வரிசை வீடுகள், கடைசியில் மாடி வைத்த ஓனர் வீடு. அந்த வீட்டுக்காரர் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. அவர் மனைவிதான் எங்களுக்கு ஓனர். தமிழ்க்காரர்தான். ஆனால் மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்ததில், கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். அதனால் பெரும்பாலும் கன்னடத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வந்தது தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு தீபாவளியை. அந்த வருடம் ஆடி முடிவதற்குள் எங்கள் அம்மா இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆட்டோ ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எனக்கு ஒன்பது வயது. தம்பி அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தான். எங்களைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா ஆனேக்கல்லிலிருந்து ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். அத்தை ரொம்ப நல்லவள். தலை பின்னத்தான் வராது. என் இரட்டைப் பின்னலில் ஒன்று தோளில் கிடந்தால் மற்றொன்று காதுக்கு மேலே நிற்கும். அப்படியேதான் பள்ளிக்கூடம் போனேன்.

தீபாவளி நெருங்கியதும் அத்தை சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்ல. எண்ணெச்சட்டி வெக்கக்கூடாது. புதுத்துணி, பட்டாசுன்னு யாரும் அப்பாகிட்ட போய் நிக்கக்கூடாது, ஆமா."

"அப்போ ஸ்கூலுக்கு மட்டும் லீவு உண்டா?" என்று தம்பி கேட்டான்.

அப்பா பண்டிகையன்று விடிவதற்குள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். மெஷின் நிற்கக்கூடாது என்றார். அப்பா இல்லாமல் அந்த ஃபேக்டரியே ஓடாது போலிருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. தீபாவளிக்கு ஃபேக்டரி மொத்தமும் பூட்டிக் கிடக்கும் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த டிபன் பாக்ஸோடு பகல் முழுவதும் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

பட்டாசு இல்லாதது கூட எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. முந்தைய நாள் குழாயடியில் இரண்டு பெண்கள் பேசியது காதில் விழுந்துவிட்டது. அதுதான் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது.

"பாவம், அந்த வீட்டு நறுவிசெல்லாம் அவளோடவே போச்சு. அவ இருந்தவரைக்கும் ஒரு தட்டு காலியா திரும்பி வந்திருக்குமா, சொல்லு."

உண்மைதான். யார் வீட்டிலிருந்து எது வந்தாலும் அம்மா அந்தத் தட்டை வெறுமனே திருப்பியதில்லை. பலகாரம் இருந்தால் பலகாரம். இல்லாவிட்டால் இரண்டு வாழைப்பழம். அதுவும் இல்லாத நாளில், கழுவித் துடைத்து ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டு என் கையில் கொடுத்தனுப்புவாள். இனிமேல் எங்கள் வீட்டிலிருந்து தட்டுகள் காலியாகத்தான் போகும், அத்தோடு அம்மாவின் வீடு என்று ஒன்று இருந்ததையே எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

பண்டிகையன்று காலையிலேயே தட்டுகள் வர ஆரம்பித்தன. பண்டிகை இல்லாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுப்பது வழக்கம் என்பது எனக்குத் தெரியாது. திடீரென்று நாங்கள் முக்கியமான மனிதர்கள் ஆகிவிட்டோம் என்று நினைத்தேன். எதிர்வீட்டிலிருந்து முறுக்கு, பக்கத்து வீட்டிலிருந்து ரவா லட்டு, மூலை வீட்டுக் கன்னடக்காரர்களிடமிருந்து வளையம் வளையமாகக் கோடுபளே. அத்தை எல்லாவற்றையும் ஒரு பெரிய அடுக்கில் கொட்டிக்கொண்டு, தட்டை அங்கேயே, அப்படியே, காலியாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க வீட்லேர்ந்து ஒண்ணும் குடுக்கக்கூடாதும்மா. தப்பா நெனச்சுக்காதீங்க."

"அய்யோ, அதெல்லாம் என்னாக்கா" என்று அவர்களும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தட்டும் வெயிலில் பளபளத்துக்கொண்டு வெறுமனே போவதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஓனரம்மா வந்தார். அவரே வந்தார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, தட்டை நீட்டினார். ஆசாரம் அதிகம் அவருக்கு. அம்மா போன பிறகு, வருஷம் திரும்பும்வரை எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கக்கூடாதென்று தன் மருமகளுக்குச் சட்டம் போட்டிருந்தார். அதுவும் குழாயடிச் செய்திதான்.

"பசங்க சாப்பிடட்டும். தட்டு உங்களுது. திருப்பிக் குடுக்க வேண்டியதில்ல" என்றார். சொல்லிவிட்டு, எங்கள் வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடப்பதைப் பற்றி ஏதோ முணுமுணுத்தபடி போய்விட்டார்.

தட்டு நிறையக் கஜ்ஜாயம். நாம் அதிரசம் என்பதைத்தான் இங்கே கஜ்ஜாயம் என்பார்கள். ஓனரம்மா வீட்டில் மட்டும் அதன் மேல் கசகசா தூவியிருக்கும். அத்தை அதையும் அடுக்கில் கொட்டினாள். காலித் தட்டைத் தம்பி எடுத்துத் திருப்பிப் பார்த்தான். விளிம்பில், பாத்திரக்கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினான்.

"அம்மா தட்டு! அத்தே, அம்மா தட்டு வந்துச்சு!"

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஆடிப்பெருக்கன்று அம்மா போளி செய்து அந்தத் தட்டில்தான் அடுக்கினாள். நான்தான் ஓனர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் தட்டைக் கேட்கப் போனபோது, "கௌரி கணேசா வரட்டும், குடுக்கறேன். வெறுந்தட்டு குடுக்கற பழக்கம் நம்ம வீட்ல இல்ல" என்று ஓனரம்மா என்னைத் துரத்திவிட்டார். "எனக்கு மேல இருக்காங்களே இந்தம்மா" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கௌரி கணேசா, அதாவது நம் பிள்ளையார் சதுர்த்தி, வந்தபோது அம்மா இல்லை. தட்டும் வரவில்லை.

எனக்கு ஓனரம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அம்மாவின் தட்டை இத்தனை நாள் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு, இப்போது பெரிய மனுஷி மாதிரி "உங்களுது" என்கிறாரே! கூடவே இன்னொன்றும் தோன்றியது. காலையிலிருந்து வந்த தட்டுகளில் எங்கள் வீட்டில் தங்கியது இது ஒன்றுதான். இதையாவது நிரப்பி அனுப்பலாம்.

மத்தியானம் அத்தை கண்ணயர்ந்ததும் அடுக்கைத் திறந்தேன். கைக்கு வந்ததையெல்லாம் தட்டில் வைத்தேன். அதற்கு முன்னால் தம்பியிடமிருந்து தட்டைப் பிடுங்குவது பெரும்பாடாகிவிட்டது. மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எடுத்துட்டுப் போனா மறுபடியும் வராது" என்றான். உதடு கோணிக்கொண்டது.

"கையோட வாங்கிட்டு வந்துடறேன்டா."

"சத்தியமா?"

"சத்தியமா" என்று தலையில் அடித்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான், வராவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது.

ஓனர் வீட்டு முன்னறையில் ஓனரம்மா நாற்காலியில் இருந்தார். மருமகள் கீழே உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் புதுப்புடவை. நான் தட்டை நீட்டினேன்.

"என்னா இது?"

"பலகாரம்."

"யாரு குடுத்தனுப்பினா? அத்தையா?"

நான் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். மருமகள் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "அத்தே, வாங்கிடாதீங்க. அவங்க வீட்ல இன்னும் வருஷம் திரும்பலியே..."

"எங்க வீட்லேர்ந்து தட்டு காலியா வராது" என்றேன். மனப்பாடம் செய்துகொண்டு போனது. ஆனால் பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

ஓனரம்மா மருமகளைப் பார்த்து "சும்னிரு" என்று கன்னடத்தில் அதட்டினார். மருமகள் வாய் மூடிக்கொண்டார். ஓனரம்மா தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். முறுக்குக்கும் லட்டுக்கும் மேலே, ஊருக்கே தெரிகிற மாதிரி, கசகசா தூவிய கஜ்ஜாயம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர் காலையில் கொடுத்ததை அவருக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன்; தட்டு அவர் மடியில் இருந்தது.

ஓனரம்மா அந்தக் கஜ்ஜாயத்தையே எடுத்தார். ஒரு கடி கடித்து, மெதுவாக மென்றார். எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டு மென்றார்.

"ம். உங்கம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு" என்றார்.

அம்மா ஒரு நாளும் கசகசா தூவியதில்லை. இருந்தாலும் நான் "ஆமா" என்றேன்.

முழுவதையும் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தார். நான் பின்னாலேயே போய், "தட்டு இப்பவே வேணும். தம்பி அழுவான்" என்றேன். கௌரி கணேசா என்று சொன்ன மாதிரி அவர் மறுபடி ஏதாவது பண்டிகையைச் சொல்வார், சொன்னால் நான் தரையில் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் நேரே சமையல்கட்டுக்குப் போனார். பலகாரத்தை ஒரு கிண்ணத்துக்கு மாற்றினார். தட்டைக் கழுவி, தன் புதுப்புடவை முந்தானையிலேயே துடைத்தார். டப்பாவைத் திறந்து கை நிறையச் சர்க்கரை அள்ளிப் போட்டார்.

"சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் அனுப்புவேன். அப்பவும் தட்டு காலியா வரக்கூடாது, தெரிஞ்சுதா?" என்று வழக்கமான கடுகடுப்போடு சொன்னார். "ஓடாதே, சிந்திடும். மெள்ளப் போ."

தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். தட்டைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியில் நான் இன்னும் இரண்டு சத்தியம் கூடச் செய்திருப்பேன். சர்க்கரையை விரலால் தொட்டுத் தொட்டு நக்கி முடித்தான். அதன் பிறகு அவன் பெரியவனாகும்வரை வேறு தட்டில் சோறு தின்றதில்லை.

அத்தை விழித்துக்கொண்டு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, துக்க வீட்டுப் பண்டத்த பண்டிகை வீட்டுக்கா குடுத்த?" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு ஓனர் வீட்டுக்கு ஓடினாள். எனக்கு அடி நிச்சயம் என்று சமையல்கட்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவள் அடிக்கவில்லை. என்னை இழுத்து முன்னால் உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, எண்ணெய் தடவி மறுபடி பின்னினாள். அன்றைக்கு இரண்டு பின்னலும் ஒரே உயரத்தில் வந்தன.

வளர்ந்த பிறகு அத்தை சொன்னாள். பண்டிகை இல்லாத வீட்டுக்குத் தன் தட்டில் கொடுத்தால், அதை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் சங்கடம் அவர்களுக்கு வருமே என்று, எங்கள் தட்டை அதற்காகவே எடுத்து வைத்திருந்தாராம் ஓனரம்மா. எங்களை அந்தச் சங்கடத்திலிருந்து காப்பாற்ற அவர் செய்த ஏற்பாட்டை நான் மத்தியானத்துக்குள் கெடுத்துவிட்டேன். கெடுத்ததை அவர் வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டார், தன் ஆசாரத்தையும் சேர்த்து. 

அன்று இது எதுவும் எனக்குத் தெரியாது. சாயங்காலம் அப்பா டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்ததும், சிரிப்பை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க வீட்டுக் கஜ்ஜாயத்த அவங்களுக்கே குடுத்துட்டேன்பா. அம்மா செஞ்ச மாதிரியே இருக்குன்னு சொல்லித் தின்னுட்டாங்க!"

அப்பா சிரித்தார். ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்; வெகுநேரம் அதை விலக்கவில்லை. இவ்வளவு சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பாவம், ஓனரம்மாவுக்கு வயதாகிவிட்டது, நாக்கு செத்துப்போயிற்று என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அப்பா துண்டை எடுக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.