பத்மா வைத்த சிவப்புப் பொட்டு

செவ்வாய்க்கிழமை காலை, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து பத்மாவின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க அண்ணே. தூக்கத்துலயே." உடனே கிளம்பினேன். ஃபெரியில் அக்கரை சேரும்வரை உட்கார முடியவில்லை. வீடு திரும்பிய பின்னும் அப்படித்தான். நம் ஞாயிறு இசை வட்டத்தின் செயலாளனாக எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். இந்த இரங்கல் குறிப்புக்கு நான்கு முறை தாளை மாற்றிவிட்டேன்.

பழைய உறுப்பினர்களுக்கு அவரைத் தெரியும். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் ஸ்பீக்கர் சோதிக்கும் வேலை. எழுபதுகளின் கடைசியில் நம் மாடி அறைக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியபோது, பொருத்திக் கொடுக்க வந்தார். பாட்டைப் போட்டுவிட்டு உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தார். "ஃபேக்டரி சத்தத்துல காது பாதி போச்சு அண்ணே. கை ஏமாறாது லா" என்று சிரித்தார். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், கரகரப்பு தொடங்கிய இடத்தில் கைப்பையிலிருந்து நகச்சாயத்தை எடுத்து, ஆம்ப்ளிஃபையரின் ஒலிக் குமிழின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார்.

பெரிய ஆம்ப்ளிஃபையர்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்று நான் நம்பியிருந்தேன். "சின்னதும் எரிக்கும் அண்ணே. அதால முடியாத சத்தத்தக் கேட்டா கோணலா கத்தும். அந்தக் கோணல்தான் ஆபத்து" என்றார். இரு பெட்டிகளுக்கும் போகும் கம்பிகளில் தலா ஒரு சிறிய கண்ணாடி ஃபியூஸ் வைத்தார். "இது போனா பாட்டு நிக்கும். நிக்கட்டும். அதே அளவுல வேற போட்டு, சத்தத்தக் குறைங்க." நான் நோட்டில் எழுதுவதை எட்டிப் பார்த்தார். "பரீட்ச வைக்கமாட்டேன், பயப்படாதீங்க!"

ஆனால் பரீட்சை வந்தது, எண்பதுகளில் ஓர் ஆண்டுவிழாவில். அன்றைய தலைவர் கதவருகே நின்று, "என்ன செக்ரட்டரி, ஸ்பீக்கருக்குக் காய்ச்சலா? பின்னால ஒண்ணுமே கேக்கல!" என்றார். அறையே சிரித்தது. நான் பொட்டைத் தாண்டித் திருப்பினேன். சற்று நேரத்தில் இடப்பக்கப் பெட்டி மௌனமானது. மாற்று ஃபியூஸ்கள் பெயர் ஒட்டிய டப்பாவில், என் வீட்டு மேசையில், பத்திரமாக இருந்தன. அதைச் சொல்லிப் பாட்டை நிறுத்த எனக்குத் துணிவில்லை. தரையில் கிடந்த சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைக் கிழித்து, மின்சாரம் பாயட்டும் என்று போன ஃபியூஸின் மேல் சுற்றி மாட்டினேன். பாட்டு வந்தது. மூன்றாவது பாட்டில் பொசுங்கும் வாடையும் வந்தது.

மறு ஞாயிறு பத்மா வந்து பெட்டியின் பின்னால் குனிந்தார். நிமிர வெகுநேரமாயிற்று. "ஃபேக்டரி பொண்ணு செஞ்ச வேல இவ்ளோதான். இனிமே கடையிலயே குடுப்போம்" என்றார் தலைவர். பத்மா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "சரி, அப்படியே செய்ங்க" என்று சொல்லி, திருப்புளியைத் துடைத்துப் பையில் வைத்தார். படியில் என் கையில் எதையோ திணித்தார். தாள் சுற்றிய அந்த ஃபியூஸ்தான்.

"இது உங்களோடது அண்ணே."

அதன்பின் நாம் அவரை அழைக்கவேயில்லை. சில ஆண்டுகள் கழித்து ஃபெரியில் பார்த்தபோது அவரே என் பக்கம் வந்தார். "நல்லா இருக்கீங்களா? பொட்டு இன்னும் இருக்கா, தேஞ்சுபோச்சா?" சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் ஃபெரி கரை சேர்ந்துவிட்டது.

பழைய அறிக்கைப் புத்தகத்தில், "இடப்பக்க ஸ்பீக்கர் பழுது, காரணம் தெரியவில்லை" என்று என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. நேற்று அதை அடித்துவிட்டு எழுதினேன்: "காரணம்: செயலாளர் ஃபியூஸின் மேல் ஈயத்தாள் சுற்றினார். பத்மாவின் வேலையில் குறை இல்லை." ஞாயிறன்று யாராவது அதை எழுந்து நின்று உரக்கப் படியுங்கள். நான் முன்வரிசையில் இருந்து கேட்கிறேன்.

ஃபியூஸை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.