எந்த ஊர் என்று கேட்டவர்

1985 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை. போடி வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அய்யா மேசையை ஈரத்துணியால் துடைத்தார். அது காய்ந்த பிறகு நான் வரைதாளை விரித்து நான்கு மூலையிலும் ஊசி குத்தினேன்.

நான் பொதுப்பணித் துறையில் வரைவாளர். வாய்க்காலும் மதகும் வரைகிற கை. மூன்று ஞாயிறுகளாக வீடுகள் வரைந்துகொண்டிருந்தது. போடிக்கு மேலே, வடக்குச் சரிவின் ஏலத்தோட்டங்களில் நாற்பத்தொரு லயங்கள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய அறைகளின் வரிசை. ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அய்யா கதவு எண்ணைச் சொல்வார், நான் சதுரம் போடுவேன். ஆட்களைச் சொல்வார், சதுரத்துக்குள் எழுதுவேன்.

"அறுநூத்தி முப்பது. அஞ்சு பேரு."

"போட்டாச்சு."

"முப்பத்தொண்ணு. மூணு... இல்ல, நாலு. போன வாரம் ஒண்ணு பொறந்துச்சு."

"பேரு வச்சாச்சா?"

"பேரு வைக்காட்டி அது ஆளு இல்லையா? எழுது ஆத்தா."

642 வரை வந்து நின்றோம். கூட்டல் 2,951. கடைசி லயத்தின் பதினான்கு சதுரங்கள் வெறுமையாக இருந்தன.

"நாளைக்கு ஏறி முடிச்சிர்றேன்" என்றார். "வர்ற ஞாயித்துக்கெழம சிவராத்திரி. சனம் பூராம் குலசாமி கும்பிடக் கீழ எறங்கிரும். அதுக்குள்ள தலைய எண்ணிறணும். பேனாவக் கழுவி வையி, சாயங்காலம் வந்து எழுதுவோம்."

கழுவி வைத்தேன்.

அய்யா என் அப்பா, பெயர் கோட்டைச்சாமி. பிறந்தது ராசிங்காபுரம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தார். மலைச்சரிவு அவர் பங்கு. வீடு வீடாகப் போய், காய்ச்சல் கண்டவர்களின் விரலில் ஊசி குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவிக் கொண்டுவருவார். ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் சுவரில் கறுப்பு மையால் கட்டம் போட்டு, வந்த தேதியை எழுதுவார். வேலைக்கு வந்தாரா இல்லையா என்று மேலதிகாரி சரிபார்க்க அதுதான் வழி. யாரும் ஏறிவந்து பார்த்ததில்லை. அவர் எழுதத் தவறியதும் இல்லை. அம்மா இறந்து நான் பள்ளி விடுதிக்குப் போன பிறகு, வாரத்தில் நான்கு நாட்கள் மேலேயே தங்கினார். தோட்டத்தில் அவருக்குப் பெயர் கிடையாது. மலேரியாக்காரர், அவ்வளவுதான்.

1979-இல் மதுரையிலிருந்து ஓர் ஆணை வந்தது. மலைப்பகுதியில் மூவாயிரம் பேர் இருந்தால் அரசு நிதியில் ஒரு துணை சுகாதார நிலையம் கிடைக்கும். ஒரு கட்டடம், அங்கேயே தங்கும் ஒரு செவிலியர், பிரசவத்துக்கு ஒரு கட்டில். சரிவில் அதுவரை எதுவும் இல்லை. நடக்க முடியாதவரைத் தண்டில் துணி கட்டிய டோலியில் வைத்து, ஜீப்பு நிற்கும் இடத்துக்கு மூன்று மணி நேரம் சுமந்து இறங்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுத்து அனுப்பும் வேலை அய்யாவுக்கு வந்தது.

எடுத்தார். 3,212 பேர். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நிரந்தரக் குடியிருப்போர் 438 பேர் மட்டுமே. கருத்துரு ஏற்கப்படவில்லை.

படிவத்தில் ஆறாவது பத்தி, 'ஊர்'. அய்யா ஒவ்வொரு கதவிலும் "எந்த ஊரு?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டால் இருக்கும் இடத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். குலசாமி இருக்கும் இடத்தைச் சொல்வார்கள். இருபது வருடம் தோட்டத்தில் இருந்தவளும் தேவாரம் என்றாள். லயத்தில் பிறந்து லயத்தில் கல்யாணம் முடித்தவனும் ராசிங்காபுரம் என்றான். சொன்னதைச் சொன்னபடி அய்யா எழுதினார். மதுரையில் ஒருவர் அந்தப் பத்தியைப் பார்த்து 2,774 பேரைச் சிவப்பு மையால் அடித்தார். கீழே கிராமங்களில் எடுத்த கணக்கிலும் இவர்கள் இல்லை. அங்கே கேட்டவர்களுக்கு, மலைக்குப் போயிருக்காக என்று பதில் கிடைத்திருக்கிறது.

எந்தத் தாளிலும் இல்லாத 2,774 பேர். அவர்கள் ஒவ்வொருவரின் ரத்தத்தையும் அய்யா தொட்டிருக்கிறார்.

1982 ஐப்பசியில் பால்பாண்டியின் மனைவி அன்னக்கொடிக்கு வலி எடுத்தது. கதவு எண் 212. பிள்ளை குறுக்கே கிடந்தது. நான்கு பேர் டோலியில் தூக்கினார்கள், மழை. அய்யா முன்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் டோலியை இறக்கி வைத்தார்கள். பிறகு விரைந்து போகத் தேவை இருக்கவில்லை.

இதை அவர் என்னிடம் சொன்னபோது வாக்கியம் இவ்வளவுதான்: "நான் ஒரு வார்த்தைய மாத்திக் கேட்டிருந்தா, அங்க ஒரு நர்சம்மா இருந்திருக்கும்."

பால்பாண்டி அந்த அறையைப் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனான். பூட்டிக் கிடந்த 212-இன் சுவரில் அய்யா மாதாமாதம் தேதி எழுதிக்கொண்டிருந்தார். கட்டம் நிரம்பியதும் பக்கத்தில் புதுக் கட்டம் போட்டார்.

1984 கடைசியில் மறுபடி ஓர் ஆணை. அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் புதிய கருத்துருக்கள் மார்ச் 31-க்குள் வர வேண்டும். இந்த முறை வரைபடமும் வேண்டும். கணக்கெடுத்தவரே ஒவ்வொரு வீட்டையும் நேரில் பார்த்ததாக உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அய்யா முதலில் மொக்கம்மாளிடம் போனார். காய் தரம்பிரிக்கும் கிழவி. அவள் வாய்க்குக் கங்காணியே பயப்படுவான். அங்கே நடந்ததை அய்யா அவள் குரலிலேயே என்னிடம் நடித்துக்காட்டினார்.

"ஏய்யா மலேரியாக்காரரே, ரத்தம் உறிய மட்டும் நாங்க இந்த ஊரு, ஆசுபத்திரி குடுக்க மட்டும் அந்த ஊரா?"

"நீதான ஆத்தா தேவாரம்னு சொன்ன?"

"ஊரக் கேட்டா ஊரத்தேன் சொல்லுவேன். எங்க உலை வைக்கிறனு கேளு. இந்தா, இங்கன்னு சொல்றேன். படிச்ச ஆளுக்குக் கேக்கத் தெரியல, பொம்பள வந்து சொல்லணும்."

அதன் பிறகு அறுநூற்று நாற்பத்திரண்டு கதவுகளிலும் அந்தக் கேள்விதான். எங்க உலை வைக்கிறீக? ஆறாவது பத்தி முழுவதும் ஒரே பதில், ஒரே கையெழுத்து: வடக்குச் சரிவு.

பிப்ரவரி 11, திங்கட்கிழமை. காலையில் புறப்படும் முதல் ஜீப்பில் ஏறினார். பதினொன்றரைக்குக் கடைசி லயத்தின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். லயத்தில் யாரும் இல்லை, எல்லோரும் காய் எடுக்கப் போயிருந்தார்கள். தண்ணீர் தூக்க வந்தவன் பார்த்தான். டோலி கட்டினார்கள். முன்தண்டைப் பிடித்தவன் பால்பாண்டி. அவன் சொல்லித்தான் எனக்கு மீதி தெரியும்.

"கண்ணு முழிச்சு என்னயப் பாத்து, எனக்கு ஊரு போடிடா, என்னையக் கணக்குல சேத்துறாதீகன்னாரு தங்கச்சி. சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம். அன்னக்கொடிய எறக்கி வச்ச எடம் வந்துச்சு. அங்கன எறக்காத, நடன்னாரு. நடந்தோம். மூச்சு எங்கன நின்டுச்சுன்னு தெரியல."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மார்ச் நடுவில் நான் ஏறினேன். அவ்வளவு தூரம் ஏறியது அதுதான் முதல் முறை. ஆனாலும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. தாளில் போட்ட சதுரங்கள் கதவுகளாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு கதவின் பக்கத்திலும் அவர் கையெழுத்து. ஏழுக்குக் குறுக்குக் கோடு போடும் பழக்கம். 212-இல் பூட்டு துருப்பிடித்திருந்தது. கட்டத்தில் ஜனவரித் தேதி இருந்தது. கறுப்பு மையின் வாசனை இருந்தது என்று சொன்னால் அது பொய். எனக்கு வந்தது.

கடைசி லயத்தில் பதினான்கு கதவுகளும் பூட்டியிருந்தன. மொக்கம்மாள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"எங்க போயிட்டாக?" என்றேன்.

"ஊருக்குப் போயிருக்காக ஆத்தா. சாமி கும்பிடப் போனவக. காய் எடுத்து முடிஞ்சிருச்சு, இங்க என்ன சோலி? இனிச் சித்திரை கழிச்சுத்தேன்."

பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, "பதினாலு வீட்டு ஆளும் எனக்குத் தெரியும். மொத்தம் அறுவத்தி ரெண்டு. சொல்லட்டா, எழுதிக்கிர்றியா?" என்றாள்.

பையில் பேனா இருந்தது. 2,951-உடன் அறுபத்திரண்டைச் சேர்த்தால் 3,013. ஆனால் கீழே உறுதிமொழி. நேரில் பார்த்த, கையெழுத்துப் போட வேண்டிய ஆள் அவர். நான் அய்யாவின் அலுவலகத்தில் ஏற்கெனவே விசாரித்திருந்தேன். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. போட்டாலும், வருபவர் முதல் கதவிலிருந்து தொடங்க வேண்டும்.

"வேண்டாம் ஆத்தா" என்றேன்.

திரும்பும்போதுதான் 643-இன் சுவரைப் பார்த்தேன். அன்றைக்கு எழுதத் தொடங்கியிருக்கிறார். 11.2 என்று இருக்கிறது. இரண்டாவது புள்ளியும் வைத்திருக்கிறார். வருடம் எழுதவில்லை.

மார்ச் 31 போய்விட்டது. கருத்துரு மதுரைக்குப் போகவில்லை. வரைபடம் என் மேசையில்தான் இருக்கிறது. 643 முதல் 656 வரை, பதினான்கு சதுரங்கள்.